காவடி எடுக்காமல் கழுகுமலைக்கு நடந்த ஒரு நாள்: காவடிச்சிந்து தந்த அண்ணாமலை ரெட்டியார்

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 

பங்குனி உத்திரத்துக்கு எங்க ஊர் ஏழாயிரம்பண்ணையிலிருந்து கழுகுமலைக்கு நடந்து போனதை எழுதச் சொல்லி ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. எழுதுறேன். ஆனா இது என் கதையை விட, 130 வருஷத்துக்கு மேல ஆகியும் நம்மளை நடக்க வெச்சுக்கிட்டு இருக்கிற ஒருத்தரோட கதை. அவர் பெயர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். காவடிச்சிந்து பாடியவர்.

முதல்ல என் நிலைமையைச் சொல்லிடுறேன். எங்க பாதயாத்திரைக் குழுவில் பாட்டுக்கு முன்னால் நிக்கிறவர் என் பெரியப்பா. வருஷம் முழுக்க பயராபீஸில் வெடிக்குத் திரி சொருகுற கை, பங்குனி பிறந்தா ஜால்ரா பிடிக்கும். போன ஐப்பசியில் அவர் போயிட்டார். அவருக்கு ஆண் பிள்ளை கிடையாது, நான்தான் கொள்ளி வெச்சேன். அதனால் இந்த வருஷம் காவடி எடுக்கக் கூடாது, கோயிலுக்குள்ளயும் போகக் கூடாதுன்னு வீட்டில் சொல்லிட்டாங்க. எட்டு வயசில் இருந்து ஒரு வருஷம் கூட விடாம எடுத்தவன் நான். கூட நடந்து போறேன், வெளியே நின்னு கும்பிட்டுக்கறேன்னு கேட்டு அனுமதி வாங்கினேன். தோள் சும்மா இருந்தது. அந்தக் காலி தோள்தான் அன்னைக்கு எனக்குப் பெரிய பாரம்.

விடியக்காலம் நாலு மணிக்குக் கிளம்பினோம். பெரியப்பா இல்லாததால் பாட ஆள் இல்லை. ஒரு தம்பி புளூடூத் ஸ்பீக்கர் கொண்டு வந்திருந்தான். சினிமா மெட்டில் முருகன் பாட்டு ஓடிச்சு. குறை சொல்லல, நானும் கேக்குறவன்தான். ஆனா அந்தப் பாட்டு ஓடுற வேகம் வேற, செருப்பில்லாத கால் நடக்கிற வேகம் வேற. சின்னப் பசங்க முன்னாடி ஓடிட்டாங்க, பெரியவங்க பின்தங்கிட்டாங்க. ஒரே குழுவா கிளம்பினவங்க நாலு துண்டா போய்க்கிட்டு இருந்தோம்.

பத்து மணிக்கு மேல ஸ்பீக்கரில் சார்ஜ் தீர்ந்துபோச்சு. பங்குனி வெயில். அறுவடை முடிஞ்ச கரிசக்காடு, ரெண்டு பக்கமும் வேலிச்செடி, நிழலுக்கு அங்கங்க ஒரு வேப்பமரம். தார் ரோடு சுட ஆரம்பிச்சது. அப்போ என் அத்தை, பெரியப்பாவோட தங்கச்சி, பால்குடத்தைத் தலையில் வெச்சபடியே மெதுவா ஒரு மெட்டை இழுத்தாங்க. கட்டிக்கொடுத்த பொண்ணுங்கிறதால அவங்களுக்கு எங்க வீட்டுத் தடை கிடையாது. மெட்டு வந்தது, வரி மறந்துபோச்சு. என் பையில் பெரியப்பாவோட புத்தகம் இருந்தது. ஏதோ ஒரு திருவிழாக் கடையில் அவர் வாங்கின காவடிச்சிந்து, அட்டை கிழிஞ்சு நூல் போட்டுத் தைச்சது. அதை எடுத்து நான் பாட ஆரம்பிச்சேன். எனக்குக் குரல் கிடையாது, ஆனா அன்னைக்கு வேற ஆளும் கிடையாது.

ரெண்டு பாட்டு முடியறதுக்குள்ள எல்லார் காலும் ஒண்ணா விழ ஆரம்பிச்சிருச்சு. முன்னால போனவங்க நின்னாங்க, பின்னால வந்தவங்க சேர்ந்தாங்க. இந்தப் பாட்டைக் கட்டினவர் யாருன்னு அன்னைக்கு மதியம் வேப்பமரத்தடியில் மோர் குடிச்சிட்டு உக்காந்தபோது பசங்க கேட்டாங்க. நான் சொன்னதை இங்கயும் சொல்றேன்.

சென்னிகுளத்துப் பையன்

நமக்குத் தென்மேற்கே, சங்கரன்கோவில் பக்கம், கரிவலம்வந்தநல்லூருக்கு அருகில் இருக்கிற ஊர் சென்னிகுளம். இப்போ தென்காசி மாவட்டம். அங்கே 1865-ல் சென்னவ ரெட்டியாருக்கும் ஓவு அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தவர் அண்ணாமலை. விவசாயக் குடும்பம். சின்ன வயதிலேயே தமிழ் மேல் தீராத ஆசை.

அந்தக் காலத்தில் தமிழ் படிக்க வேண்டும் என்றால் புலவர் ஒருவரைத் தேடிப் போய் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டும். நம் விருதுநகர் மாவட்டத்துச் சேத்தூர் ஜமீனில் புலவராக இருந்த இராமசாமிக் கவிராயரிடம் அண்ணாமலை பாடம் கேட்டார். பிறகு சோழநாட்டுக்குப் போய் திருவாவடுதுறை ஆதீனத்தில் சேர்ந்தார். அப்போது மடத்தின் தலைவராக இருந்தவர் சுப்பிரமணிய தேசிகர். அங்கே பாடம் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர், பின்னாளில் தமிழ்த் தாத்தா என்று நாம் கொண்டாடும் உ.வே.சாமிநாதையர். அவரிடமும் அண்ணாமலை படித்தார்.

யோசிச்சுப் பாருங்க. பஸ் கிடையாது. கரிசல் பக்கத்திலிருந்து காவிரிக்கரை வரைக்கும் ஒரு சின்னப் பையன் தமிழ் படிக்கப் போயிருக்கான். அதுவும் ஒரு யாத்திரைதான்.

ஊற்றுமலை அரண்மனை

படிப்புக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த புரவலர் ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர். இவர் தாமே தமிழ் தெரிந்தவர், புலவர்களைத் தேடித் தேடி ஆதரித்தவர். சுமார் 18 வயதிலேயே அண்ணாமலை ரெட்டியார் அந்த அவையில் புலவராகிவிட்டார்.

இந்த இடத்தில் நம்ம ஊரையும் நினைக்கணும். ஏழாயிரம்பண்ணையும் ஒரு காலத்தில் பாளையம்தான். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட அதே 1799-ல் பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்த்து எங்க பாளையத்தையும் கும்பெனி பறிமுதல் பண்ணிச்சு. தப்பிப் பிழைச்ச ஜமீன்கள் கோயிலையும் புலவர்களையும் காப்பாத்தின. அப்படித் தப்பின ஒண்ணுதான் ஊற்றுமலை. இல்லேன்னா இந்தப் பாட்டு நமக்குக் கிடைச்சிருக்குமான்னு தெரியாது.

பாட்டு பிறந்த வழி

மருதப்பத் தேவருக்குக் கழுகுமலை முருகன் மேல் பெரிய பக்தி. அவர் நேர்த்திக்கடனாகக் காவடி எடுத்து ஊற்றுமலையிலிருந்து கழுகுமலைக்கு நடந்தபோது, கூட நடந்த அண்ணாமலை ரெட்டியார் வழிநெடுகப் பாடிய பாட்டுகள்தான் காவடிச்சிந்து என்று நம் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லுவார்கள். நாங்க வடக்கே இருந்து அந்த மலைக்குப் போறோம், அவங்க தென்மேற்கே இருந்து போனாங்க. வெயில் ஒண்ணுதான், முருகனும் ஒருத்தன்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். சிந்து என்பது அவர் புதிதாகக் கண்டுபிடித்த வகை இல்லை. நொண்டிச்சிந்து, வழிநடைச்சிந்து என்று மக்கள் வாயில் ஏற்கெனவே பல வகை இருந்தன. வழிநடைச்சிந்து, போகிற வழியில் கண்ணில் படுகிற ஊரையும் காட்சியையும் சொல்லிக்கொண்டே போகும். இடும்பன் இரண்டு மலைகளைக் கட்டித் தோளில் தூக்கிய கதையிலிருந்து நமக்குக் காவடி வந்தது. காவடி தூக்கியவர்களுக்குப் பாட்டும் ஏதோ ஒரு வடிவில் கூடவே இருந்தது. ரெட்டியார் செய்தது என்ன? நடக்கிறவன் வாயில் இருந்த மெட்டை எடுத்து, மடத்தில் படித்த தமிழை அதில் நிரப்பினார். அருணகிரிநாதர் திருப்புகழில் கழுகுமலையைச் சந்தத்தால் பாடியவர். அந்தச் சந்த ருசியும் இதில் இருக்கிறது. எதுகை வந்து விழுகிற இடமும் காலடி விழுகிற இடமும் ஒன்றாக இருக்கும். அதனால்தான் ஸ்பீக்கரால் முடியாததை அந்தக் கிழிஞ்ச புத்தகம் செஞ்சது.

உள்ளே இருப்பது வெறும் துதி மட்டும் இல்லை. கழுகுமலையின் வளம், கோயிலின் அழகு, முருகனின் வீரம் எல்லாம் வரும். அவன் மேல் காதல் கொண்டு தவிக்கிற பெண்ணின் பேச்சும் வரும். பக்தியும் சிருங்காரமும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கும்.

முதல் பாட்டில் ஒரு விஷயம் இருக்கு. பெரியப்பா அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வெச்சிருந்தார். அதில் ரெட்டியார் தன் ஊர் சென்னிகுளத்தைச் சொல்லி, தன் பெயரையும் சொல்லி, தான் பாடிய இந்த இனிய கவியை முருகன் மலை போன்ற தன் தோளில் அணிந்திருக்கிறான் என்று பாடுகிறார். நடு ரோட்டில் அதைப் பாடும்போதுதான் எனக்கு உறைச்சது. நாம் அவனுக்காகத் தோளில் காவடியைச் சுமக்கிறோம். அவனோ நம்ம பாட்டைத் தன் தோளில் மாலையாப் போட்டுக்கிட்டு நிக்கிறான். காவடி எடுத்தது மருதப்பத் தேவர். ரெட்டியார் கொண்டு போனது பாட்டு. ரெண்டும் போய்ச் சேர்ந்தது ஒரே இடத்துக்கு.

26 வயது

அவர் வேறு நூல்களும் பாடியிருக்கிறார். சங்கரன்கோவில் திரிபந்தாதி, கருவை மும்மணிக்கோவை, வீரை நவநீதகிருஷ்ணன் பிள்ளைத்தமிழ் எல்லாம் புலவர்கள் மெச்சும் வகை. ஆனால் சனங்களின் வாயில் நின்றது காவடிச்சிந்துதான். கச்சேரி மேடையில் கடைசியாகப் பாடும் துக்கடாவிலும் அது இருக்கிறது, நம்ம ஊர்த் தெருவிலும் இருக்கிறது. பக்கத்து எட்டயபுரத்தில் 1882-ல் பிறந்த பாரதியும் சிந்து வகையை எடுத்துப் பாட்டுகள் செய்தார்.

1891-ல் அண்ணாமலை ரெட்டியார் காலமானார். வயது 26. 

எனக்கும் இப்போ 26. இதைச் சொன்னதும் மரத்தடியில் யாரும் கொஞ்ச நேரம் பேசல. இந்த வயசுல இன்னும் ஒண்ணும் ஆகலையேன்னு ராத்திரி ராத்திரி உக்காந்து கவலைப்படுறவன் நான். குழுவிலயும் நிறைய பேர் அப்படித்தான்னு தெரியும். அவரை மாதிரி நாமும் சாதிக்கணும்னு சொல்ல வரல. அது எல்லாராலும் ஆகிற காரியம் இல்லை. பக்கத்துல நடக்கிறவனோட களைப்பு தெரியாம இருக்க தன்கிட்ட இருந்ததை அவர் கொடுத்தார். அதை மட்டும் நாமளும் செய்யலாம். என் பெரியப்பா படிச்சது அஞ்சாம் வகுப்பு. அவரும் வருஷா வருஷம் அதைத்தான் செஞ்சிருக்கார், எனக்குத்தான் லேட்டா புரிஞ்சுது.

கழுகுமலையில்

சாயந்தரம் மலை கண்ணில் பட்டதும் அரோகரா சத்தம் தானா வந்தது. கால் கொப்புளமெல்லாம் மறந்துபோச்சு. குழுவில் எல்லாரும் உள்ளே போனாங்க. நான் கோயில் வாசலுக்கு வெளியே நின்னுட்டேன். அத்தை பால்குடத்தோட உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்து, மலையைச் சுத்தி வரச் சொல்லிட்டுப் போனாங்க.

கழுகாசலமூர்த்தி கோயிலுக்குப் போனவங்களுக்குத் தெரியும். கருவறை மலையைக் குடைஞ்சு எடுத்தது. அதனால் மூலவரை மட்டும் சுத்தி வர வழி கிடையாது. அவரைச் சுத்தணும்னா மலையையே சுத்தணும். உள்ளே போறவங்களுக்கும் அதே வழிதான், வெளியே நிக்கிறவனுக்கும் அதே வழிதான்.

நான் அந்தப் புத்தகத்தைக் கையில் பிடிச்சுக்கிட்டு மலையைச் சுத்தினேன். முதல் பாட்டை மட்டும் திரும்பத் திரும்பப் பாடினேன். பாதி வழியில், தரிசனம் முடிச்சு வந்த நம்ம பசங்க நாலு பேர் சேர்ந்துக்கிட்டாங்க. ஸ்பீக்கர் கொண்டு வந்த தம்பி, பெரியப்பாவோட ஜால்ராவை அடுத்த வருஷம் தான் பிடிக்கலாமான்னு கேட்டான். வீட்டுக்கு வந்ததும் எடுத்துக் கொடுத்துட்டேன்.

அடுத்த பங்குனிக்குள்ள நம்ம குழுவில் ஆளுக்கு ஒரு காவடிச்சிந்தாவது மனப்பாடம் பண்ணுவோம். போன்ல கேட்டாலும் சரி, புத்தகம் பார்த்துப் படிச்சாலும் சரி. நடக்கிறப்போ வாயில் வரணும், அவ்வளவுதான். பாட ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. உங்க வீட்டில் பாடிப் போன பெரியவங்களையும் நினைச்சுக்கோங்க.

கழுகாசலமூர்த்திக்கு அரோகரா! கந்தனுக்கு அரோகரா!

பிடிச்சிருந்தா உங்க ஊர்ப் பாதயாத்திரைக் குழுவுக்கும் அனுப்பி வையுங்க.