சங்கீத வித்துவான் எம். டி. ராமநாதன்

பாலக்காட்டுச் சீமை என்றவுடன் சங்கீதம் அறிந்தவர்களின் நினைவுக்கு முதலில் வருபவர்கள் செம்பை வைத்தியநாத பாகவதரும், மிருதங்க மேதை மணி ஐயரும் ஆவர். செம்பையின் கணீரென்ற குரலும், மணி ஐயரின் விரல்களும் கேரளத்தின் அந்த மூலையைத் தமிழ்நாட்டுச் சபைகள் அனைத்துக்கும் அறிமுகம் செய்து வைத்தன. அதே சீமையில் பிறந்தும் ஊர்ப் பெயரை முன்னே விரித்து எழுதிக் கொள்ளாமல் ஓர் எழுத்திலே அடக்கிக் கொண்டவர் ஒருவர் உண்டு. எம். டி. ராமநாதன் என்னும் பெயரில் முதல் எழுத்து மஞ்சப்பரா என்னும் கிராமத்தைக் குறிக்கும். அடுத்தது தந்தையார் தேவேச பாகவதரைக் குறிக்கும். இவருடைய வரலாற்றை இம்மலரில் எழுத நாம் எண்ணியதற்குக் காரணம் உண்டு.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பாத வீடு குறைவு. வாரத்துக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம் என்று வகுப்பு நடக்கிறது. பெரியவர்கள் இருவர் கூடினால், குருவின் வீட்டில் தங்கிப் பணிவிடை செய்து கற்ற காலம் போயிற்றே, மணியடித்தால் தொடங்கி மணியடித்தால் முடியும் வகுப்பிலே சங்கீதம் வருமா என்ற பேச்சு எழாமல் இருப்பதில்லை. கேள்வி நியாயமானதே. ஆனால் கலாசாலை வளாகத்திலே கற்று, அதே வளாகத்திலே கற்பித்து, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்த ஒரு பெரிய வித்துவானின் வாழ்க்கை அதற்கு ஒரு பதிலை வைத்திருக்கிறது.

ராமநாதன் 1923-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் தேதி பிறந்தார். அன்று பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. தந்தையார் சங்கீத ஆசிரியர். தாயார் சீதாலட்சுமி அம்மாள். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளுக்கு முன் கணவாய் வழியே வந்து குடியேறி, வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமுமாக வாழும் சூழ்நிலை அது. புலம்பெயர்ந்தும் பாட்டை விடாத அந்தக் கிராமங்களின் கதை நமக்குப் புதிதன்று. நம் குழந்தைகளின் தமிழைக் கேட்டாலே விளங்கும்.

பாட்டின் முதற்பாடம் தந்தையாரிடம். ஆயினும் பையனைப் படிப்பை நிறுத்திவிட்டுப் பாட்டுக்கென்று விட்டுவிடவில்லை. பாலக்காட்டு விக்டோரியா கல்லூரியில் சேர்ந்து பௌதிகம் பயின்று பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார் ராமநாதன். இரண்டாவது உலக யுத்தம் நடந்து கொண்டிருந்த காலம். விஞ்ஞானப் பட்டதாரி ஒருவருக்குச் சர்க்கார் உத்தியோகமோ ஆசிரியர் பதவியோ கிடைப்பது அரிதன்று. மாதச் சம்பளத்தின் அருமையை நன்கறிந்த மத்தியதரக் குடும்பத்துப் பிள்ளை, பட்டத்தைக் கையில் வைத்துக் கொண்டு சங்கீதம் கற்கச் சென்னைக்குப் புறப்பட்டது சாதாரணமான துணிவன்று.

அக்காலத்தில் சங்கீதம் கல்விக்கூடங்களுக்குள் நுழைந்து அதிக நாள் ஆகவில்லை. சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலைச் செட்டியார் இசைக் கல்லூரி தொடங்கியதும், அண்ணாமலைப் பல்கலைக் கழகம் நிறுவப்பட்டதும் 1929-ஆம் ஆண்டில். சென்னையில் 1927-இல் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த சங்கீத மாநாட்டின் பயனாக மறு ஆண்டே சங்கீத வித்வத் சபை அமைந்தது. அதன் காலைக் கூட்டங்களில் வித்துவான்கள் இராக லட்சணங்களைப் பாடிக் காட்டி விவாதித்தனர். பாடத்திட்டம், பரீட்சை, பட்டம் என்னும் சொற்கள் சங்கீதத்தோடு சேர்ந்து ஒலித்த புதுமையைக் கண்டு சிலர் மகிழ்ந்தனர், பலர் ஐயுற்றனர். வித்தையை வகுப்பு நேரமாக நறுக்கலாமா என்பதே ஐயம்.

இந்த மாறுதலின் நடுவே நின்றவர் டைகர் வரதாச்சாரியார். 1876-இல் பிறந்த அவர் பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் கற்றவர். முழுக்க முழுக்கப் பழைய முறையில் உருவானவர். அவரே அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் இசைக் கல்லூரிக்குத் தலைமை வகித்தார். பின்னர் அடையாற்றில் ருக்மிணி தேவி அருண்டேல் நடத்திவந்த கலாக்ஷேத்திரத்துக்கு முதல்வராக வந்தார். டைகருக்குக் குரல்வளம் போதாது என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் இராகத்தைக் கற்பனையால் வளர்க்கும் ஆற்றலில் அவருக்கு ஈடானவர் மிகச் சிலரே என்பதில் கருத்து வேற்றுமை இருந்ததில்லை. குரலை நம்பிப் பாடுகிறவரிடம் மாணவன் குரலைத்தான் கற்பான். குரலைத் தாண்டி இராகத்தின் உள்ளிருந்து பாடுகிறவரிடம் கற்பது வேறு.

கலாக்ஷேத்திரம் 1936-இல் தொடங்கப் பெற்றது. 1944-இல் அங்கே சங்கீத சிரோமணி என்னும் பட்ட வகுப்பு ஏற்பட்டது. பாடத்திட்டம் இருந்தது, முதல்வர் இருந்தார், பரீட்சையும் இருந்தது. சேர்ந்த மாணவர் எத்தனை பேர்? ஒருவரே. அந்த ஒருவர் பாலக்காட்டிலிருந்து வந்த பௌதிகப் பட்டதாரி.

இதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கணக்குப் பார்க்கும் நிர்வாகமாயிருந்தால், ஒரு மாணவனுக்காக ஒரு வகுப்பா என்று கதவைச் சாத்தியிருக்கும். கலாக்ஷேத்திரம் அவ்வாறு செய்யவில்லை. அறுபத்தெட்டு வயதான ஆசிரியர் எதிரே இருபத்தொரு வயது மாணவர். ஏட்டில் அது கலாசாலை வகுப்பு, நடந்ததோ குருகுலவாசம். டைகர் அவரைத் தம் பிள்ளை போல் நேசித்தார். மாணவரும் குருவை விட்டு அகலவில்லை. படிப்பு முடிந்ததும் அவருக்கே உதவியாளராக அமர்ந்து, பாடம் சொல்லும் முறையையும் பக்கத்திலிருந்தே கற்றுக் கொண்டார். 1950-ஆம் ஆண்டு ஜனவரியில் டைகர் மறைந்தார். பிற்காலத்தில் ராமநாதன் இயற்றிய கிருதிகளில் தம் பெயரை முத்திரையாக வைக்கவில்லை; வரததாசன் என்னும் முத்திரையையே வைத்தார்.

அந்த வளாகத்தில் அக்காலத்தில் கூடியிருந்தவர்களின் பெயர்களைச் சொன்னாலே ஒரு சங்கீத சரித்திரமாகிவிடும். வீணைக்குக் காரைக்குடி சாம்பசிவ ஐயர். கோட்டுவாத்தியத்துக்குப் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள். பின்னர் மைசூர் வாசுதேவாச்சாரியார் வந்து சேர்ந்தார். அவரும் டைகரைப் போலவே பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் மாணவர். வகுப்பு நேரம் முடிந்தாலும் காதில் விழுவதெல்லாம் பாடமாகவே இருந்திருக்கும். வளாகம் என்பதன் பயன் இதுதான். கட்டடங்களை நாம் பெரிதாக எண்ணவில்லை.

இனி அவர் பாட்டைப் பற்றி. ஆண் வித்துவான்கள் பெரும்பாலும் ஒரு கட்டைச் சுருதியை ஒட்டியோ அதற்கு மேலோ பாடுவர். ராமநாதனின் சுருதி ஒரு கட்டைக்கும் கீழே. தம்புராவின் தந்திகளை அவ்வளவு தளர்த்திச் சேர்க்கும்போது நாதம் முழக்கமாக எழும். பக்க வாத்தியக்காரரும் தம் பிடிலை இறக்கிச் சேர்த்துக் கொள்ள வேண்டும். அந்த மந்தரக் குரலோடு அவர் கையாண்டது விளம்ப காலம். சஹானா, ரீதிகௌளை, ஆனந்தபைரவி, யதுகுலகாம்போதி, ஸ்ரீ முதலிய இராகங்களை எடுத்துக் கொண்டால், அவசரம் என்பதே உலகில் இல்லாதது போலப் பாடுவார்.

மெதுவாகப் பாடுவது எளிது என்று எண்ணுவோர் உண்டு. உண்மை அதற்கு நேர்மாறு. துரித காலத்தில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவிவிடலாம். குறை இருந்தாலும் வேகம் மறைத்துவிடும். விளம்ப காலத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே நெடிய வெளி கிடக்கும். கமகம் முழு உருவோடு நிற்க வேண்டும். சுருதி இம்மியும் நழுவக் கூடாது. தாளம் கையைவிட மனத்திலே உறுதியாக ஓட வேண்டும். எதையும் ஒளித்து வைக்க இடமில்லாத பாட்டு அது.

ஆனால் காலத்தின் போக்கு வேறு திசையில் இருந்தது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி முறை எங்கும் நிலைபெற்றிருந்தது. வர்ணத்தில் தொடங்கி, மத்திம காலத்தில் பல உருப்படிகளை விறுவிறுப்பாக அடுக்கி, துக்கடாக்களோடு முடிப்பது அம்முறை. அதில் குற்றம் காண்பதற்கில்லை. தென்னாட்டுச் சங்கீதத்தைப் பெருவாரியான மக்களிடம் கொண்டு சேர்த்ததே அதுதான். எனினும் அதற்குப் பழகிய சபை, ராமநாதனின் நிதானத்தைக் கண்டு திகைத்தது. கச்சேரி நடுவே எழுந்து போனவர்களும் இருந்தனர். சாஹித்தியத்தின் சொற்களை இடம் மாற்றியும் விழுங்கியும் பாடுகிறார் என்ற குறையையும் விமரிசகர்கள் கூறினர். இக்குறை ஆதாரமற்றதன்று. சொல்லைவிட இராகத்தின் மேல் அவருக்கு மோகம் அதிகம். அந்த மோகத்தில் சொல் சில வேளை உருக்குலைந்தது. சொற்சுத்தத்தைப் பெரிதும் மதிக்கும் நமக்கு அது உறுத்துகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்தச் சஹானாவைக் கேட்ட பின் அதற்காக அவரைத் தள்ளி வைக்கவும் மனம் வருவதில்லை.

சபையை மட்டுமே நம்பி வாழ்ந்திருந்தால் இப்படிப்பட்ட பாடகர் என்ன செய்திருப்பார்? ஒன்று, பாட்டை ஓட்டமாக்கிக் கொண்டிருப்பார். அல்லது பட்டினி கிடந்திருப்பார். இரண்டும் நேராமல் காத்தது கலாக்ஷேத்திரத்து ஆசிரியப் பதவி. நாள்தோறும் வகுப்பு, மாதந்தோறும் சம்பளம், எதிரே கேட்கக் காத்திருக்கும் மாணவர்கள். கைத்தட்டலுக்காகத் தம் காலப்பிரமாணத்தை மாற்ற வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை. அடையாற்றிலிருந்து திருவான்மியூருக்கு இடம் பெயர்ந்த அந்த வளாகத்தில் அவர் பேராசிரியராகவும், பின்னர் நுண்கலைக் கல்லூரியின் முதல்வராகவும் விளங்கினார். மாதச் சம்பளம் கலையைக் கெடுக்கும் என்று பேசுவோர் இந்த ஒரு வாழ்க்கையையேனும் கணக்கில் எடுத்துக் கொள்ள வேண்டும்.

இதே ஆண்டு, 1923-இல், பாலக்காட்டில் பிறந்த மற்றொரு பெரும் பாடகர் கே. வி. நாராயணசாமி. அவர் மணி ஐயரிடமும் அரியக்குடியிடமும் குருகுல முறையில் கற்றவர். பின்னாளில் சென்னை இசைக் கல்லூரியில் பேராசிரியராக இருந்ததோடு, அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக் கழகம் வரை சென்று அந்நாட்டு மாணவர்களுக்கு நம் சங்கீதத்தைச் சொல்லிக் கொடுத்தார். ஒரே ஆண்டில் ஒரே சீமையில் பிறந்த இருவர்; ஒருவர் குருகுலத்திலிருந்து பல்கலைக் கழகத்துக்குப் போனார், மற்றவர் கலாசாலைக்குள்ளேயே குருகுலத்தைக் கண்டார். இருவர் பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், எது எந்த முறையில் விளைந்தது என்று எவரும் பிரித்துச் சொல்ல இயலாது என்பது நம் எண்ணம்.

ராமநாதன் முந்நூற்றுக்கு மேற்பட்ட உருப்படிகளை இயற்றினார். தமிழ், தெலுங்கு, சம்ஸ்கிருதம், மலையாளம் ஆகிய மொழிகளில் அவை அமைந்தன. நாலு மொழிகளிலும் பாடல் புனைவது பாலக்காட்டுக்காரருக்கு இயல்பாகவே வந்திருக்க வேண்டும். இந்திய அரசு 1974-இல் பத்மஸ்ரீ விருது வழங்கியது. சங்கீத நாடக அகாதெமியின் விருதும் கிடைத்தது. சென்னை வித்வத் சபையின் சங்கீத கலாநிதிப் பட்டம் மட்டும் கடைசி வரை அவரை வந்தடையவில்லை. அவருடைய குருவுக்கு 1932-லேயே கிடைத்த கௌரவம் அது. இதனால் குறைந்தது ராமநாதன் அல்லர் என்று ரசிகர்கள் இன்றும் வாதிப்பார்கள். அவ்வாதத்தில் நாமும் அவர்கள் பக்கமே.

மறுபடியும் நம் காலனி வகுப்புக்கு வருவோம். ஒரு மணி நேரம் போதுமா என்று கேட்கும் பெற்றோர், மீதி நாட்களில் வீட்டில் என்ன ஒலிக்கிறது என்பதையும் கேட்டுக் கொள்ளலாம். ராமநாதனுக்கு வீட்டில் தந்தையின் பாட்டு இருந்தது. வளாகத்தில் வகுப்புக்கு வெளியேயும் பாட்டு இருந்தது. வகுப்பில் நாலே குழந்தைகள் தாம் சேர்ந்திருக்கிறார்கள், ஆசிரியைக்குக் கொடுக்கும் பணம் கட்டுபடியாகுமா என்று செயற்குழுவில் கேட்கப்படும்போதெல்லாம் அடையாற்றின் அந்த ஒற்றை மாணவர் வகுப்பு நம் நினைவுக்கு வருகிறது.

1984-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் தேதி ராமநாதன் காலமானார். அறுபத்தோராவது வயது நிறையச் சில வாரங்களே இருந்தன. கலாக்ஷேத்திரம் 1993-இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. அவர் இருந்தபோது எழுந்து போன சபைகளைக் காட்டிலும், மறைந்த பின் ஒலிநாடாக்களில் அவரைத் தேடிக் கேட்டவர்கள் அதிகம். கேரளத்திலே அவருக்கென்று தனி ரசிகர் கூட்டமே உருவாயிற்று. மலையாளக் கவிஞர்கள் அவர் பாட்டைப் பொருளாக வைத்துக் கவிதை எழுதினார்கள். நம் அங்கத்தினர்களில் அவரை இதுவரை கேட்டிராதவர்கள் சஹானாவிலோ ரீதிகௌளையிலோ தொடங்கலாம். முதற்முறை கேட்கும்போது ஒரு மணி நேரத்தை வேறு வேலை ஏதுமின்றி ஒதுக்கி வைத்துக் கொள்வது நலம். முதற் பத்து நிமிஷம் பொறுமை வேண்டியிருக்கும்.