வீதியிலிருந்து மேடைக்கு

அமெரிக்க நாட்டு நியூ ஆர்லியன்ஸ் நகரில், அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்த கறுப்பின மக்கள், இறுதி ஊர்வலங்களிலும் திருவிழாக்களிலும் பித்தளைக் குழல்களை ஊதியபடி வீதிவீதியாய் நடந்தார்கள். ஜாஸ் இசை பிறந்த தொட்டில்களுள் அவ்வீதிகளும் ஒன்று. அவ்விசையின் பெருங்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் 1901ஆம் ஆண்டு அந்நகரில் பிறந்தார்.

அதற்கு மூன்றாண்டு முன்னர், 1898 ஆகஸ்டு 27ஆம் நாள், சோழநாட்டுத் திருமருகலில் பிறந்தார் பாலசுப்பிரமணியன். தாய்மாமன் நடேச பிள்ளையின் வளர்ப்பு மகனாகி, டி. என். இராஜரத்தினம் பிள்ளை என்னும் பெயரால் உலகறிந்த நாகசுரச் சக்கரவர்த்தி அவரே. அங்கே மனிதரைப் பிரித்தது நிறம். இங்கே பிரித்தது சாதி.

அந்நாளில் நாகசுரக் கலைஞர் மேலாடையின்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பெரியோர் முன் நின்றபடியே வாசிக்கவேண்டும். சாமி புறப்பாட்டிலும் திருமண ஊர்வலத்திலும் இரவெல்லாம் நடந்தவாறே ஊதவேண்டும். இசைக்குக் கிடைத்த மதிப்பு, இசைத்தவனுக்குக் கிடைக்கவில்லை.

இளமையில் திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் வாய்ப்பாட்டும், பின்னர் அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாகசுரமும் பயின்றார் இராஜரத்தினம். குரலின் குழைவெல்லாம் குழலில் வந்தது அதனால்தான். திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கிய அவர், குட்டையான திமிரி நாயனத்தோடு நின்றுவிடவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி கடைந்தெடுத்த நீண்ட பாரி நாயனத்தைக் கையிலேந்தினார். சுருதி தாழ்ந்தது, நாதம் கனிந்தது. வீதிக்கென்றே பிறந்த கருவி, மண்டபத்தில் அமர்ந்து கேட்பதற்கும் இசைந்தது. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில் உடனொலிக்க, அவர் விரித்த தோடி இராகம் இசைத்தட்டுகளின் வழியே தமிழர் வாழும் இடமெல்லாம் சென்றது.

கருவியை மாற்றியவர் தம் கோலத்தையும் மாற்றினார். குடுமியைக் களைந்து கிராப்பு வைத்தார். சட்டையும் கோட்டும் அணிந்தார். ஏனைய வித்துவான்களைப் போலத் தாமும் மேடையில் அமர்ந்தே வாசிப்பேன் என்று வற்புறுத்தினார். செருக்கென்றனர் சிலர். தலைமுறை தலைமுறையாய் நின்றே களைத்த கால்களுக்காக அவர் கேட்ட இருக்கை அது.

1940இல் வெளிவந்த காளமேகம் திரைப்படத்தில் கவி காளமேகமாக நடித்தார். அதனை இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். 1947 ஆகஸ்டில், விடுதலைக்கு முந்தைய மாலையில், ஆதீனம் அனுப்பிய செங்கோலுடன் தில்லி சென்ற குழுவில் அவருடைய நாகசுரமும் இருந்தது. 1955இல் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றார். 1956 திசம்பர் 12ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அவர் வழியைக் காருகுறிச்சி அருணாசலம் தொடர்ந்தார்.

எனினும் கதை அங்கே நிறைவடையவில்லை. சபைகளில் நாகசுரம் இன்றும் பெரிதும் தொடக்க மங்கல இசையாகவே ஒலிக்கிறது. அவர் வென்ற மேடைக்கு வெளியே, பறை நெடுங்காலம் வீதியிலேயே நின்றது. பூம்பாறைக் குழந்தை வேலப்பரின் திருவிழாவில் நாயனம் ஒலிக்கும்போது, அதைக் கேட்டுக் கவிதை எழுதுவோர் ஊதுபவரின் முகத்தையும் ஒருமுறை நோக்குதல் நன்று. இராஜரத்தினம் பிள்ளை வாழ்நாளெல்லாம் வேண்டியது அந்த நோக்கைத்தான்.