தொண்டின் வழியே கல்வி தந்த தாகூர்



இரவீந்திரநாத் தாகூர் என்றதும் கீதாஞ்சலியும், 1913ஆம் ஆண்டில் அவர் பெற்ற நோபல் பரிசும், இந்திய நாட்டுப் பண்ணுமே நம் நினைவுக்கு வரும். நீண்ட வெண்தாடியுடன் விளங்கும் அக்கவியரசர், நாற்பது ஆண்டுகள் ஒரு பள்ளிக்கூடத்தைக் கட்டிக் காத்தவர் என்பதைப் பலர் அறியார். அதனையே இங்குக் கூற விழைகிறேன்.

1861ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கல்கத்தாவில் செல்வம் நிறைந்த குடும்பத்தில் பிறந்தார் தாகூர். நான்கு சுவர்களுக்குள் அடைத்து வைத்த பள்ளிப் படிப்பு அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. பள்ளிகள் பல மாறியும் எதிலும் அவர் நிலைக்கவில்லை. பின்னர், தந்தையாரின் நிலபுலன்களை மேற்பார்வையிட வங்காளச் சிற்றூர்களுக்குச் சென்றார். படகில் தங்கி, குடியானவரின் வறுமையையும் நோயையும் கடனையும் நேரில் கண்டார். அவர்கள் செலுத்தும் வரியில் தம் குடும்பம் வாழ்கிறது என்னும் எண்ணம் அவர் உள்ளத்தை உறுத்தியது. தம் மகன் இரதீந்திரநாத்தை 1906ஆம் ஆண்டில் உழவியல் கற்க அமெரிக்காவுக்கு அனுப்பியது இதனாலேயாம். அக்காலத்துச் செல்வர் தம் பிள்ளைகளைப் பெரிய உத்தியோகத்துக்குப் படிக்க வைப்பதே வழக்கம்.

1901ஆம் ஆண்டு திசம்பரில், போல்பூருக்கு அருகே சாந்திநிகேதனில் ஐந்தே மாணவர்களுடன் பள்ளி தொடங்கியது. மரத்தடியே வகுப்பறை. பணமோ போதவில்லை, துணைவியார் மிருணாளினி தேவி தம் நகைகளை விற்றுக் கொடுத்தார். அடுத்த ஆண்டே அவ்வம்மையார் மறைந்தார். தொடர்ந்து ஒரு மகளையும் இளைய மகனையும் இழந்தார் கவியரசர். எனினும், பள்ளி ஒரு நாளும் கைவிடப்படவில்லை. அருகிலிருந்த சந்தால் பழங்குடிச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு மாலையில் எழுத்தறிவிக்க மூத்த மாணவர்கள் சென்று வந்தனர்.

1915ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் காந்தியடிகள் அங்கு வந்தார். சமையற்காரரும் வேலையாட்களும் பணி செய்ய, மாணவர்கள் உண்டு படிப்பதைக் கண்ட அடிகள், இவ்வேலைகளை நீங்களே செய்தாலென்ன என்று கேட்டார். ஆசிரியர் சிலருக்கு இது பிடிக்கவில்லை. சமையலில் சாதி பார்க்கும் வழக்கமும் அக்காலத்தில் வலுவாக இருந்தது. தாகூரோ ஆசிரியர்கள் உடன்படின் தமக்கு மகிழ்ச்சியே என்றார். மார்ச்சு 10ஆம் நாள் முதல், ஏறக்குறைய 125 மாணவரும் ஆசிரியரும் காய் நறுக்கினர், சமைத்தனர், கூட்டினர், கழிப்பிடம் கழுவினர். பாத்திரம் துலக்குவோரின் களைப்புத் தீர, ஒரு குழுவினர் அருகிலமர்ந்து சித்தார் வாசித்தனராம்! இந்த ஏற்பாடு சில வாரங்களே நீடித்தது, மறைப்பதற்கில்லை. ஆயினும் ஆண்டுதோறும் மார்ச்சு 10ஆம் நாள் வேலையாட்களுக்கு ஓய்வளித்து, மாணவரே எல்லாப் பணிகளையும் செய்யும் வழக்கம் அங்கு நிலைபெற்றது. நம் கோத்தோங் ரோயோங் நாளில் துடைப்பத்தைத் தொடத் தயங்கும் பிள்ளைகளைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தச் சித்தார்தான் நினைவுக்கு வருகிறது.

தம் பள்ளியின் எல்லைக்குள் மட்டும் தொண்டு நடந்தால் போதும் எனத் தாகூர் கருதவில்லை. 1922ஆம் ஆண்டு பெப்ரவரியில், சாந்திநிகேதனுக்கு அருகிலுள்ள சுருல் என்னும் சிற்றூரில், பின்னாளில் ஸ்ரீநிகேதன் எனப் பெயர் பெற்ற நிலையத்தைத் தொடங்கினார். உழவியல் கற்ற எல்ம்ஹர்ஸ்ட் என்னும் ஆங்கில இளைஞர் அதன் பொறுப்பை ஏற்றார். காளிமோகன் கோஷ் என்பார் துணை நின்றார். அங்குச் சென்ற மாணவர்க்கு முதற்பாடம் எது தெரியுமா? தத்தம் கழிப்பிட வாளியைத் தாமே சுமந்து சென்று, தோட்டத்தில் வெட்டிய பள்ளத்தில் கொட்டி மண்ணிட்டு மூடுவது! படித்த குடும்பத்துப் பிள்ளைகள் முதலில் கூசினர். பின்னர் அம்மண்ணில் காய்கறி விளைந்தது.

அச்சிற்றூர்களை வாட்டியவை மூன்று என எல்ம்ஹர்ஸ்ட் கண்டார்: பயிரை அழிக்கும் குரங்குகள், மலேரியாக் காய்ச்சல், ஒருவரையொருவர் நம்பாமை. மூன்றாவதே மிகக் கொடியது. வெளியூரார் சொல்லை ஊரார் எளிதில் ஏற்பரோ? ஆதலின், அவ்வூர்ச் சிறுவர்களையே சேர்த்து, விரதி பாலகர் என்னும் தொண்டர் படை அமைக்கப்பட்டது. அச்சிறுவர்கள் கொசு பெருகும் குட்டைகளைத் தூர்த்தனர், கொயினா வழங்கினர், தீயணைக்கவும் முதலுதவி செய்யவும் பழகினர், வீட்டுக் கொல்லையில் காய்கறி பயிரிட்டனர். கொயினாவின் கசப்பை நம் தோட்டத்து முதியோரிடம் கேட்டால் சொல்லுவர். பெரியவர் சொல்லிக் கேளாத ஊர், தன் பிள்ளைகள் மண்வெட்டி ஏந்திய பின் மெல்ல மெல்ல இசைந்து வந்தது.

இத்தகைய பணிகளுக்குப் பொருள் வேண்டுமே! அதனைத் திரட்டவும் கவியரசர் முதிய வயதில் நாடு நாடாகச் சென்றார். நம் பாட்டன்மார் பால்மரம் சீவிக்கொண்டிருந்த 1927ஆம் ஆண்டில் அவர் இங்கும் வந்தார். சூலை மாதம் சிங்கப்பூரில் இறங்கி, மலாக்கா, கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு முதலிய ஊர்களில் உரையாற்றினார். அப்போது அவருக்கு வயது 66.

மறு ஆண்டே சாந்திநிகேதனில் மரம் நடு விழாவைத் தொடங்கி வைத்தார். சிறுமியர் பாடிவர, அலங்கரித்த பல்லக்கில் மரக்கன்று ஊர்வலமாக வரும். 1941ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் கல்கத்தாவில், தாம் பிறந்த அதே மனையில் கவியரசர் மறைந்தார். 2023ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் சாந்திநிகேதனை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. அவர் மறைந்த நாளில் அங்கே மாணவர்கள் கூடி மரக்கன்று நடுகின்றனர்; மறுநாள் ஸ்ரீநிகேதனில் ஏர் பூட்டுகின்றனர்.