தோல் பதனிட்டவர் மகன் காத்த பட்டு

சோற்றுக்கே வழியில்லாதபோது சோதனைக்கூடம் எதற்கு என்று கேட்போர் உண்டு. ஆராய்ச்சிக்குப் பணம் என்றதும் முகம் சுளிக்கும் அரசாங்கங்களும் உண்டு. அவர்கள் லூயி பாஸ்டரின் வாழ்வை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும் என்கிறோம்!

1822இல், பிரான்சு நாட்டு டோல் என்ற ஊரில் பிறந்தார். தந்தை சீமான் அல்ல, தோல் பதனிடுபவர். அந்த வீட்டுப் பிள்ளையைப் பேரறிஞனாக்கியது எது? பாரிசில் அரசாங்கம் நடத்திய ஆசிரியர் கல்லூரி! குலத்தைக் கேளாது, தேர்வில் தேறியவனுக்கு அது கதவைத் திறந்தது.

படிக்க வைத்த அரசாங்கம், ஆராயப் பணம் கேட்டபோது கையை விரித்தது. 1857இல் அதே கல்லூரிக்கு நிர்வாகியாக வந்தவருக்குக் கிடைத்த ஆய்வுக்கூடம் எது தெரியுமா? கூரையடியில் ஒரு பரண்! செலவுக்குச் சொந்தப் பணம்!

பிறகு வந்தது பட்டுக்குப் பஞ்சம். புழுக்களின் உடலில் மிளகு தூவியதுபோல் கரும்புள்ளிகள். 1853இல் கிடைத்த பட்டுக்கூட்டில் 1865இல் நாலில் ஒரு பங்குகூட இல்லை. முசுக்கொட்டைத் தோட்டக்காரன் கலங்கினான். மலையூர்கள் வறுமையில் வாடின. அப்போதுதான் அரசாங்கத்துக்கு விஞ்ஞானியின் நினைவு வந்தது!

பட்டுப்புழுவைத் தொட்டறியாத பாஸ்டர், ஆலே நகருக்குச் சென்றார். ஆண்டுகள் ஐந்து உழைத்தார். அதற்குள் தந்தையை இழந்தார். பெண்மக்கள் இருவரைப் பறிகொடுத்தார். 1868இல் பக்கவாதம் இடப்பக்கத்தை முடக்கிற்று. அவருக்கென அப்போது கட்டிவந்த ஆய்வுக்கூட வேலையைக்கூட நிறுத்திவிட்டார்கள், ஆள் பிழைக்கமாட்டார் என்று! பேரரசர் காதுக்கு எட்டிய பிறகே வேலை மீண்டும் தொடங்கிற்று. அவரோ, முடங்கிய உடலோடு மீண்டும் பட்டுப்புழுவிடம் சென்றார்.

கண்ட வழி எளியது. ஒவ்வொரு அந்துப்பூச்சியையும் தனியே முட்டையிட விடு; பிறகு அதை அரைத்து நுண்ணோக்கியில் பார்; நோய்த்துகள் தென்பட்டால் முட்டைகளை எரித்துவிடு. தாய்ப்பூச்சியைச் சோதிக்கும் அந்த முறை, நம் நாட்டுப் பட்டுப்புழு முட்டை நிலையங்களிலும் வேரூன்றியது.

1870ஆம் ஆண்டுப் போரில் தோற்ற பிரான்சு, 500 கோடி பிராங்கு தண்டம் கட்ட நேர்ந்தது. பாஸ்டரின் கண்டுபிடிப்புகள் அத்தொகையை ஈடுகட்டப் போதும் என்று மதிப்பிட்டவர் ஆங்கில அறிஞர் ஹக்ஸ்லி. பரணில் தள்ளப்பட்டவர் நாட்டுக்குத் தேடித்தந்த செல்வம் அது! 1874இல் நாடாளுமன்றம் அவருக்கு ஆயுள் உதவித்தொகை வழங்கிற்று.

1885இல் வெறிநாய்க்கடிக்கு மருந்து தந்து ஒரு சிறுவனைக் காத்தார். 1895இல் மறைந்தார். 1907இல் நம் குன்னூரில் அவர் பெயரால் ஒரு நிலையம் எழுந்தது. நாய் கடித்த ஏழைக்கும் உயிர்வாழ வழி பிறந்தது.

ஆராய்ச்சிக்குக் கொடுப்பது தானமா? இல்லை, விதைநெல்! அதை அளந்துபோட அஞ்சும் ஆட்சி, அறுவடைக் காலத்தில் யாரை நோவது? தோல் தொட்டியருகே இன்று நிற்கும் தொழிலாளியின் மகனுக்குப் பள்ளி வேண்டும்; பள்ளி முடித்தால் பரண் அல்ல, ஆய்வுக்கூடம் வேண்டும். இதை நாம் கேட்கிறோம், கேட்டுக்கொண்டே இருப்போம்!