கென்னி அம்மையார்

மருந்தினால் மட்டும் தீரும் நோய்கள் பல. மருந்தோடு பயிற்சியும் சேர்ந்தாலன்றித் தீராத நோய்களும் உள. தளர்ந்த தசைக்கு வலிமை ஊட்டி, மறந்த நடையை மீண்டும் கற்பித்து, நோயுற்றோரைத் தம் காலில் நிற்கச் செய்யும் கலைக்கு இயன்முறை மருத்துவம் என்பது பெயர். அக்கலையின் வளர்ச்சிக்கு உழைத்தோர் பலர். அவருள், பட்டம் ஏதும் பெறாத நாட்டுப்புறச் செவிலியாய்த் தம் பணியைத் தொடங்கி, கற்றோர் பலருடைய எதிர்ப்பைத் தாங்கி, இளம்பிள்ளை வாதத்தால் முடங்கிய சிறுவர்க்குப் புதுவழி காட்டியவர் எலிசபெத் கென்னி அம்மையார் ஆவார்.

பிறப்பும் இளமையும்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் வாரியால்டா என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1880-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 20-ஆம் நாள் கென்னி பிறந்தார். தந்தையார் அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய உழவர். சிற்றூர்ப் பள்ளிகளில் சிறிதளவு கற்றதே கென்னியின் கல்வி.

இளமையில் ஒருநாள் அவர் குதிரையினின்று வீழ்ந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். டூவும்பா நகரத்து அறுவை மருத்துவராகிய ஈனியஸ் மக்டொனல் அவருக்கு மருத்துவம் செய்தார். காயம் ஆறும்வரை அம்மருத்துவரிடமிருந்த உடற்கூற்று நூல்களையும் எலும்புக்கூட்டின் உருவத்தையும் கென்னி ஆர்வத்தோடு ஆராய்ந்தார். எத்தசை எவ்வெலும்பை இயக்குகின்றது என்னும் அறிவு அவர் உள்ளத்தில் அப்போதே வேரூன்றியது. மக்டொனல் பிற்காலத்தில் அவருக்கு ஆசானும் துணைவருமாய் விளங்கினார்.

கென்னி செவிலியர் பள்ளி எதிலும் முறையாகப் பயின்றவரல்லர். எனினும், 1910-ஆம் ஆண்டை ஒட்டி, குயின்ஸ்லாந்தில் நாபி என்னும் ஊரிலிருந்த தம் வீட்டினின்றும் குதிரையேறிச் சென்று, அழைத்தவர் இல்லந்தோறும் ஊதியம் பெறாது நோயாளிகளைப் பேணிவந்தார். மருத்துவர் எளிதில் வந்து சேர இயலாத அப்பரந்த வெளிகளில், அவரே குடியானவர்களின் உறுதுணையாய் இருந்தார்.

தந்தி காட்டிய வழி

1911-ஆம் ஆண்டில் கை கால்கள் வலியால் முறுக்குண்டு கிடந்த குழந்தைகளை அவர் காண நேர்ந்தது. அத்தகைய நோயை அவர் அதற்குமுன் கண்டதில்லை. உடனே நோயின் குறிகளை விவரித்து மக்டொனலுக்குத் தந்தி அனுப்பினார். அது இளம்பிள்ளை வாதம் என்றும், கண்ட குறிகளுக்கு ஏற்ப இயன்றதைச் செய்க என்றும் விடை வந்தது.

இளம்பிள்ளை வாதம் கண்ணுக்குப் புலனாகாத நச்சுயிரியால் வருவது. அது முதுகுத் தண்டில் உள்ள நரம்பணுக்களைத் தாக்கும். அவ்வணுக்கள் அழியின், அவற்றின் ஏவல்வழி இயங்கும் தசைகள் செயலற்றுப் போகும். நேற்று ஓடியாடிய குழந்தை இன்று எழ இயலாது கிடக்கும். நோய்த் தசையை நலமுள்ள தசை இழுத்து உறுப்பைக் கோணலாக்கிவிடும் என்று அக்கால மருத்துவர் அஞ்சினர். ஆதலின், நோயுற்ற உறுப்பை மட்டைகளாலும் மாவுக்கட்டாலும் அசையாது பிணித்துப் பல திங்கள் வைத்திருப்பதே வழக்கமாய் இருந்தது.

கென்னி அவ்வழக்கத்தை அறியார். வலியால் இறுகிய தசைகளே அவர் கண்ணுக்குத் தெரிந்தன. இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும் என்று அவர் எண்ணினார். கம்பளித் துணியைக் கொதிநீரில் தோய்த்து, நீர் சொட்டாதவாறு பிழிந்து, தசைகளின்மேல் சுற்றினார். துணி ஆறியதும் மீண்டும் மீண்டும் மாற்றினார். வலி தணிந்தபின், தம் கைகளால் குழந்தையின் உறுப்பை மெல்ல அசைத்தார். இவ்வாறு பேணப்பட்ட குழந்தைகள் நலமுற்றதாக அவர் தம் வரலாற்றில் எழுதியுள்ளார்.

போர்க்காலத் தொண்டு

முதல் உலகப்போர் மூண்டபோது, 1915-ஆம் ஆண்டில் கென்னி படைச் செவிலியர் அணியில் சேர்ந்தார். காயமுற்ற வீரர்களைத் தாயகம் கொண்டுவரும் கப்பல்களில் பணியாற்றினார். 1917-இல் சிஸ்டர் என்னும் பதவியுயர்வு அவருக்குக் கிடைத்தது. அது படைச் செவிலியர்க்குரிய பட்டம், சமயம் சார்ந்ததன்று. வாழ்நாள் முழுவதும் அவர் அப்பெயராலேயே வழங்கப்பட்டார்.

போருக்குப் பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. கரடுமுரடான பாதைகளில் கொண்டுசெல்லப்படும் நோயாளிகள் அதிர்ச்சியால் நலியாதவாறு காக்கும் தூக்குப் படுக்கை ஒன்றை அமைத்து, 1927-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

எதிர்ப்பு

1932-ஆம் ஆண்டில் டவுன்ஸ்வில் நகரில், ஒரு வீட்டின் பின்புறத்தில், கென்னி எளிய மருத்துவ நிலையம் ஒன்றைத் தொடங்கினார். நெடுநாள் முடங்கியிருந்தோரின் கட்டுகளையும் இரும்புத் தாங்கிகளையும் அகற்றினார். வெந்நீர்க் குளியலும் ஒத்தடமும் அளித்தார். பின்னர்த் தாமே உறுப்புகளை அசைக்குமாறு அவர்களைப் பயிற்றினார்.

அப்பயிற்சியில் ஒரு புதுமை இருந்தது. செயலிழந்த தசை எது, அஃது எவ்விடத்தில் எலும்போடு பொருந்தியுள்ளது என்பதை அவர் நோயாளிக்கே உணர்த்துவார். தம் கையால் உறுப்பை அசைக்கும்போது நோயாளியின் கருத்தும் அத்தசையின்மேல் பதியுமாறு செய்வார். அவர்முன் நோயாளி வெறுமனே கிடக்கும் உடல் அல்லர். தம் உடலை மீட்கும் முயற்சியில் பங்காளர்.

மருத்துவர் பலர் இம்முறையை எள்ளினர். முறையான பயிற்சியில்லாத ஒருவர் நெடுநாள் வழக்கத்தை மறுப்பதா என்று வெகுண்டனர். ஆயினும், பெற்றோர் தம் மக்களை அவரிடம் அழைத்துவந்தவண்ணம் இருந்தனர். குயின்ஸ்லாந்து அரசும் அவருக்குத் துணை நின்றது. அவர்தம் முறையை ஆராய அமைக்கப்பெற்ற குழு, உறுப்புகளைப் பிணிக்காது விடுவது பெருந்தவறு என்று 1938-இல் அறிக்கை வெளியிட்டது. கென்னி கலங்கினாரல்லர். பிரிஸ்பேன் பொது மருத்துவமனையில் ஒரு பகுதி அவருக்கு ஒதுக்கப்பட்டது. அங்கு அவர் பேணிய நோயாளிகளின் உறுப்புகள் வளைந்து கொடுக்கும் தன்மையோடு இருந்ததை அம்மருத்துவமனையின் தலைவரே கண்டு ஒப்பினார்.

அமெரிக்காவில்

1940-ஆம் ஆண்டில், குயின்ஸ்லாந்து அரசு வழிச்செலவு அளிக்க, பிரிஸ்பேன் மருத்துவர் சிலர் தந்த அறிமுக மடலுடன் கென்னி அமெரிக்கா சென்றார். அப்போது அவருக்கு அகவை அறுபதை நெருங்கியிருந்தது. அங்கும் முதலில் பலர் அவரைப் பொருட்படுத்தவில்லை. மினியாபொலிஸ் நகரத்து மருத்துவர் சிலர் மட்டும், கேட்டதைக் கொண்டு முடிவு செய்யாது, கண்டு முடிவு செய்ய எண்ணினர். தம் நோயாளிகளை அவரிடம் ஒப்படைத்தனர். விளைவைக் கண்டதும் அவர்கள் ஐயம் அகன்றது. 1942-இல் அந்நகரில் கென்னியின் பெயரால் ஒரு நிலையம் நிறுவப்பட்டது. இயன்முறை மருத்துவர்களும் செவிலியர்களும் அவரிடம் பயின்றனர். சில ஆண்டுகளுக்குள் மட்டைகளும் மாவுக்கட்டுகளும் பல மருத்துவமனைகளினின்று மறையலாயின.

1946-இல் அவர் வாழ்க்கை திரைப்படமாயிற்று. 1950-இல் அமெரிக்கப் பேரவை, நுழைவுச் சடங்குகள் ஏதுமின்றி அந்நாட்டுக்கு வந்துசெல்லும் அரிய உரிமையை அவருக்கு வழங்கியது.

புகழும் குறையும்

கென்னி குறையே இல்லாதவர் அல்லர். மாற்றுக் கருத்தைப் பொறுக்கும் இயல்பு அவரிடம் குறைவு. தம் முறையின் பயனைச் சிற்சில வேளைகளில் மிகைப்படுத்தியும் கூறினார். நோயின் தன்மை பற்றி அவர் உரைத்த விளக்கங்களை மருத்துவ அறிஞர் முழுதும் ஏற்கவில்லை. அழிந்த நரம்பணுவை எந்த ஒத்தடமும் உயிர்ப்பிக்காது. ஆயினும், எஞ்சிய தசைகளை வலியினின்று காத்துப் பயிற்றினால் உறுப்பு தன்னால் இயன்ற அளவு பயன்படும் என்பதை அவர் கைகள் மெய்ப்பித்தன. விளக்கத்தில் பிழை இருந்தும் பணியில் பயன் இருந்தது. இவ்விரண்டையும் வேறுபிரித்து, பயனை ஏற்றுக்கொண்டது மருத்துவ உலகின் பெருந்தன்மை.

நிறைவு

இறுதி நாள்களில் தாயகம் திரும்பிய கென்னி அம்மையார், 1952-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் டூவும்பாவில் இயற்கை எய்தினார். தாம் குதிரையேறித் தொண்டாற்றிய நாபியில், தம் அன்னையின் அருகே அடக்கம் செய்யப்பெற்றார்.

அவர் மறைந்து மூன்றாண்டுகள் செல்லுமுன், 1955-இல், இளம்பிள்ளை வாதத்தைத் தடுக்கும் ஊசிமருந்து பயனுடையது என அறிவிக்கப்பட்டது. தடுப்பு மருந்தால் அந்நோய் பெரும்பாலான நாடுகளினின்று அகன்றது. 2014-இல் இந்தியாவும் அந்நோய் நீங்கிய நாடு எனச் சான்று பெற்றது. எனினும், கென்னி வற்புறுத்திய நெறி மறைந்துவிடவில்லை. பக்கவாதத்தாலோ விபத்தாலோ உறுப்புகள் செயலிழந்தோரை அசையாது கிடத்தாமல், உரிய காலத்தில் மெல்ல இயக்கிப் பயிற்றுவதே இன்றைய இயன்முறை மருத்துவத்தின் வழி.

நூல் கூறுவதை அறிதல் வேண்டும். அதனோடு, கண்முன் கிடக்கும் நோயாளியின் துன்பத்தை உற்று நோக்குதலும் வேண்டும். சிற்றூர்க் குடிலில் ஒரு குழந்தையின் வலியை அவ்வாறு உற்று நோக்கியமையே கென்னி அம்மையாரின் பெருமைக்கு அடிப்படையாயிற்று.