வாயில்லா ஜீவன்களின் வழக்கறிஞர்

தெருவில் அடிபட்டுக் கிடக்கும் நாய்க்குட்டியைக் கண்டால் நம் மனம் இளகுகிறது. “ஐயோ பாவம்!” என்கிறோம். பிறகு பள்ளி மணி அடித்துவிடும் என்று நடையை எட்டிப் போடுகிறோம். இரக்கம் எல்லாருக்கும் உண்டு. ஆனால் அந்த இரக்கத்தைச் செயலாக்கியவர்கள் மிகச் சிலரே. அத்தகைய ஒருவர்தான் கரோலின் ஏர்ல் ஒயிட் அம்மையார். தெருவில் அலையும் பிராணிகளுக்கென அமெரிக்காவில் முதன்முதலாகக் காப்பகம் அமைத்த பெருமை அவரையும் அவருடைய தோழியரையுமே சாரும்.

கரோலின் 1833-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர். தந்தை தாமஸ் ஏர்ல் ஒரு வழக்கறிஞர். கறுப்பின மக்களை அடிமைகளாக விற்று வாங்கும் கொடுமையை எதிர்த்தவர். அடிமை ஒழிப்பை முழக்கமாகக் கொண்ட லிபர்ட்டி கட்சியின் சார்பில் 1840-ல் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டவர். பெண்ணுரிமைக்காகப் போராடிய லுக்ரீஷியா மாட் அம்மையாரும் தாய்வழியில் இவர்களுக்கு உறவினரே. பேச வாயற்றவர்களுக்காகப் பேச வேண்டும் என்ற பாடத்தைக் கரோலின் வீட்டிலேயே கற்றார் எனலாம்.

அக்காலத்தில் மோட்டார் வண்டிகள் இல்லை. பாரம் சுமப்பதும், பயணிகளை ஏற்றிய டிராம் வண்டிகளை இழுப்பதும் குதிரைகளே. தாங்க முடியாத சுமையோடு தள்ளாடும் குதிரைகள் சாட்டையடி படுவதைக் காணச் சகியாமல், சிறுமி கரோலின் சில தெருக்களின் வழியே போவதையே தவிர்த்து வந்தாராம். அன்று அந்தச் சிறுமியால் செய்ய முடிந்தது அவ்வளவே.

1854-ல் ரிச்சர்டு ஒயிட் என்னும் வழக்கறிஞரை மணந்தார். கணவர் கத்தோலிக்கர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1856-ல், கரோலினும் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். இங்கிலாந்தில் 1824 முதல் பிராணிகளின் துன்பம் துடைக்க ஒரு சங்கம் இயங்கி வருவதைக் கணவரே அவருக்கு எடுத்துச் சொன்னார். தெருவை விட்டு ஒதுங்கிப் போவதைத் தவிர வேறு வழியும் உண்டு என்று கரோலின் அப்போதுதான் உணர்ந்தார்.

1866-ல் நியூயார்க் நகரில் ஹென்றி பெர்க் என்பவர் அத்தகைய சங்கம் ஒன்றைத் தொடங்கினார். செய்தி அறிந்த கரோலின் நேரே நியூயார்க் சென்று அவரைச் சந்தித்தார். ஊரில் செல்வாக்குள்ளவர்களிடம் கையொப்பம் திரட்டும்படி அவர் யோசனை கூறினார். கரோலின் வீடு வீடாக ஏறி இறங்கினார். பலருடைய உழைப்பின் பயனாக 1867-ல் பென்சில்வேனியா மாநிலத்துக்கும் ஒரு சங்கம் உருவாயிற்று.

ஆனால் நடந்தது என்ன தெரியுமா? சங்கத்திற்கு வித்திட்டவர்களுள் ஒருவரான கரோலினுக்கு அதன் நிர்வாகக் குழுவில் இடமில்லை! காரணம், அவர் ஒரு பெண். குழு ஆண்களுக்கு மட்டுமே உரியது. வேறொருவராயின் மனம் கசந்து வீட்டோடு இருந்திருப்பார். கரோலின் அப்படிச் செய்யவில்லை. 1869-ல் அதே சங்கத்திற்குப் பெண்கள் கிளை ஒன்று அமைக்கப்பட்டபோது, அதன் தலைவியாகப் பொறுப்பேற்று, மற்றப் பெண்களையும் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

அவர்களது முதல் பணி தெரு நாய்களைப் பற்றியது. வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து 1885-ல்தான் வந்தது. அதற்கு முன் நாய் என்றாலே நகரத்தார்க்கு அச்சம். எனவே நகராட்சியின் ஆட்கள் சுருக்குக் கயிறு வீசி நாய்களைப் பிடித்து, தரதரவென்று இழுத்துச் சென்று, தடியால் அடித்துக் கொல்வார்கள். பெண்கள் நகரத் தலைவரை அணுகி, அந்தப் பொறுப்பைத் தங்களிடமே ஒப்படைக்கும்படி கேட்டார்கள். அனுமதி கிடைத்தது. 1870-ஐ ஒட்டிக் காப்பகம் பிறந்தது. பிடிபட்ட நாய்களுக்கு அங்கே உணவும் தண்ணீரும் தங்க இடமும் கிடைத்தன. தொலைந்த நாயைத் தேடி வந்தவர்கள் மீட்டுச் சென்றனர். கேட்பாரற்ற நாய்களுக்குப் புதிய வீடுகள் தேடப்பட்டன.

எல்லா நாய்களுக்கும் வீடு கிடைத்துவிட்டதா? இல்லை. எஞ்சியவற்றின் உயிரை, அடித்து வதைக்காமல், வாயுவைக் கொண்டு போக்கினார்கள். படிக்கும்போது நம் நெஞ்சு கனக்கிறது. அவர்களுக்கும் கனத்திருக்கும். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லையே என்று அவர்கள் கதவைச் சாத்திவிடவில்லை, முடிந்தவற்றைக் காப்பாற்றினார்கள். அன்புப் பணியில் இதுவே மிகக் கடினமான பகுதி.

1871-ல் மற்றொரு சோதனை வந்தது. வெயர் மிட்செல் என்னும் புகழ்பெற்ற மருத்துவர், காப்பகத்தில் எஞ்சும் நாய்களை ஆராய்ச்சிக்குத் தருமாறு கேட்டார். எப்படியும் இறக்கப்போகும் நாய்கள்தாமே, மருத்துவ அறிவாவது வளரட்டுமே என்று வாதிடுவது எளிது. கேட்டவரோ பெரிய மனிதர். எனினும் அடைக்கலம் தேடி வந்த உயிரைக் கத்திக்கு ஒப்படைப்பதில்லை என்று பெண்கள் மறுத்துவிட்டனர். பின்னர் 1883-ல், உயிருள்ள பிராணிகளை அறுத்துச் செய்யும் சோதனைகளை எதிர்க்கும் அமெரிக்கச் சங்கத்தைக் கரோலின் நிறுவினார். மருத்துவ உலகில் பலர் அவரை எதிர்த்தனர். இந்த விவாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. ஆயினும் கேட்க வேண்டிய கேள்வியை அஞ்சாது கேட்டவர் அவர்.

ரயிலில் கொண்டு செல்லப்படும் மாடு, ஆடு, பன்றிகளின் துன்பத்தையும் அவர் மறக்கவில்லை. 28 மணி நேரத்திற்கு மேல் அவற்றைத் தொடர்ந்து அடைத்து வைக்காமல், இறக்கி, உணவும் நீரும் ஓய்வும் தர வேண்டும் என்ற சட்டம் 1873-ல் நிறைவேறியது. அதற்காக முயன்றவர்களுள் அவரும் ஒருவர். சட்டம் வந்தும் சரிவர நடைமுறைக்கு வரவில்லை. 1906-ல் புதுச் சட்டம் தேவைப்பட்டது.

1916-ல், தமது 82-வது வயதில் கரோலின் அம்மையார் காலமானார். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்தது 1920-ல்தான். ஆக, நாட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குக்கூட இல்லாத ஒரு பெண், தம் நகரத்தின் வழக்கத்தையே மாற்றிக் காட்டினார். அவர் தொடங்கிய பெண்கள் கிளை வளர்ந்து, தனி நிறுவனமாகி, இன்றும் பிராணிகளைப் பேணி வருகிறது.

அன்பு மாணவியரே! இன்று பல ஊர்களில் பிராணிகள் காப்பகங்கள் உள்ளன. அங்கே பெரிய செயல்களுக்கு வேலையில்லை. கூண்டைக் கழுவ வேண்டும். தண்ணீர்ப் பாத்திரம் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடிபட்டு அஞ்சி நடுங்கும் குட்டியின் அருகே சற்று நேரம் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும். பெற்றோரின் அனுமதியோடு, பெரியவர்கள் துணையோடு, விடுமுறையில் ஒரு நாள் போய்ப் பாருங்கள். படம் பிடிப்பார் இல்லை, பரிசளிப்பார் இல்லை. சென்ற வாரம் மூலையில் ஒடுங்கிக் கிடந்த நாய், இந்த வாரம் உங்கள் காலடிச் சத்தம் கேட்டு வாலை ஆட்டும், அவ்வளவுதான்.

படைத்தவர் ஒருவரே என்று நாம் நம்புகிறோம். அவர் படைப்பில் வாயில்லாதவையும் நம் பொறுப்பே அல்லவா? குதிரை அடிபடும் தெருவை விட்டு விலகி நடந்த சிறுமி, வளர்ந்தபின் அதே தெருவுக்குத் திரும்பி வந்தார். நாமும் திரும்பிப் போக வேண்டிய தெரு ஒன்று நம் ஊரிலும் இருக்கக்கூடும்.