வேற்றூர் மாணவர்

ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் 1913-ஆம் ஆண்டு பிறந்த தனிநாயகம் அடிகளார், குருத்துவப் படிப்புக்காக 1934-இல் உரோமை சென்றார். அப்போது அகவை இருபத்தொன்று. தீவுக் கரையில் வளர்ந்த அவ்விளைஞர் உர்பன் பல்கலைக்கழகத்தில் பல நாட்டு மாணவரோடு வாழ்ந்து இத்தாலியம் பழகினார். 1938-இல் குருத்திருநிலை பெற்றார்; மறு ஆண்டே முனைவரும் ஆனார்.

பின்னர் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியேற்று, வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியரானார். மீண்டும் பிறர் ஊர். ஐரோப்பிய மொழிகள் பல கற்ற அவருக்குத் தாய்மொழியின் பழம் இலக்கியம் எட்டாக்கனியாய் இருந்தது. ஆங்கிலவழிக் கல்வி தந்த குறை அது. இன்று நம் இல்லங்களும் அறிந்த குறைதான். பட்டமும் குருத்துவ அங்கியும் அதை எளிதில் மறைத்திருக்கும். அவரோ மறைக்கவில்லை. பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராய் அமர்ந்தார். கத்தோலிக்கக் குருவுக்கு அந்தணர் ஒருவர் சங்கத்தமிழ் பயிற்றுவித்தார். இக்காட்சியே, உரோமைப் பட்டத்தினும் என் மனத்தில் நிற்பது.

1945-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முப்பத்திரண்டு அகவையில் தம்மினும் இளையோரோடு தமிழ் முதுகலை வகுப்பில் சேர்ந்தார். சங்கப் பாடல்களில் இயற்கை பற்றி ஆய்ந்தார்.

வேற்றூர்களில் விருந்தினராய்க் கற்ற அவர், 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கூட்டியபோது, பல நாட்டு அறிஞரை வரவேற்கும் விருந்தோம்பியாய் நின்றார்.